சி.எம்.எல்.: டி315ஐ (T315I) மரபணு மாற்றம் குறித்து விளக்கம் தேவை

குழுவிலுள்ள மருத்துவர்களுக்கும், இந்நோயோடு வாழ்ந்துவரும் அன்பர்களுக்கும் வணக்கம்.

சி.எம்.எல். எனப்படும் நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்காக என் அம்மா (வயது 58) நாள்தோறும் இமாட்டினிப் 400 மி.கி. மாத்திரை சாப்பிட்டு வருகிறார். 9, 22ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதால் பிலடெல்பியா குரோமோசோம் உருவாகிறது என்பதும், அதிலுள்ள பிசிஆர்-ஏபிஎல்1 (BCR-ABL1) இணைவு மரபணு ஓயாமல் இயங்கும் டைரோசின் கைனேஸ் நொதியை உண்டாக்கி வெள்ளணுக்களைப் பெருக்குகிறது என்பதும் எனக்குப் புரிகிறது.

ஓராண்டுக்குள் 0.1 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டிய அந்த மரபணுவின் அளவு, 0.8 வரை வந்துவிட்டு, இப்போது 12 சதவீதமாக ஏறியிருக்கிறது. மாத்திரை ஒருநாளும் தவறவில்லை; டப்பியை எண்ணிப் பார்ப்பவன் நான்தான். அடுத்து எடுத்த பரிசோதனையில் 'டி315ஐ' என்று வந்துள்ளது. அதாவது, நொதியின் 315ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஐசோலூசின் அமர்ந்துவிட்டதால், நொதியைத் தடுக்க வேண்டிய இமாட்டினிப் அங்கே பற்ற முடிவதில்லை. டாசாட்டினிப், நிலோட்டினிப் ஆகிய மருந்துகளும் இதற்குப் பயன்படா என்கிறார்கள்.

இந்த மாற்றம் இருந்தாலும் வேலை செய்யக்கூடிய பொனாட்டினிப், அசிமினிப் ஆகிய இரண்டு மருந்துகளைப் பற்றியும் மருத்துவர் கூறினார். முன்னது ரத்தக்குழாய் அடைப்பை உண்டாக்கக்கூடும் என்பதாலும், அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருப்பதாலும் தயங்குகிறோம். இதே மாற்றத்துக்காக அசிமினிப் எடுத்தவர்கள் இருந்தால், எவ்வளவு காலத்தில் அளவு இறங்கியது, மருந்துச் செலவுக்கு உதவி கிடைத்ததா என்று தெரிவியுங்கள். பின்னர் எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்பட்டால் உதவும் என்று தம்பிக்கு இப்போதே எச்.எல்.ஏ. (திசு) பொருத்தம் பார்த்து வைப்பது நல்லதா என்பதையும் மருத்துவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். மாற்று மருத்துவப் பரிந்துரைகளை மட்டும் அன்புகூர்ந்து தவிர்க்கவும்.