வர்ஜீனியா ஆளுநர் தேர்தல்: வேட்பாளரைத் தெரிவு செய்ய வேண்டியது மாநாடா, வாக்காளர்களா?

கூழாங்கல் எழுதியது:
2021 மே 8 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலக் குடியரசுக் கட்சி தன் ஆளுநர் வேட்பாளரை முதனிலைத் தேர்தல் (கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தெரிவு செய்யும் தேர்தல்) நடத்தித் தெரிவு செய்யாமல், 39 இடங்களில் ஒரே நாளில் கூட்டிய மாநாட்டின் வழியாகத் தெரிவு செய்தது. மாநாட்டில் வாக்களிக்கும் பேராளர்களாகப் பெயர் பதிந்தவர்கள் சுமார் 53,000 பேர். வந்து வாக்களித்தவர்களோ ஏறத்தாழ 30,000 பேர்தான். சரியாக ஒரு மாதம் கழித்து நடந்த ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் ஐந்து லட்சத்தை நெருங்கிய வாக்குகள் பதிவாயின. அங்கே ஆளுநர் என்பவர் நம் ஊரைப் போல் நியமிக்கப்படுபவர் அல்லர். நம் முதலமைச்சருக்கு நிகரான அதிகாரம் உடையவர். எண்பது லட்சம் பேருக்கு மேல் வாழும் மாநிலத்தில், அந்தப் பதவிக்கான இருவரில் ஒருவரை முப்பதாயிரம் பேர் முடிவு செய்ததை எப்படி நியாயப்படுத்த முடியும் என்பதே என் கேள்வி.

மணிமுத்தாறு எழுதியது:
எண்ணிக்கையை மட்டும் வைத்து எடைபோடுவது சரியில்லை, ஐயா. அந்த மாநாட்டில் ஒவ்வொருவரும் ஏழு வேட்பாளர்களையும் தம் விருப்ப வரிசைப்படி எண்ணிட்டனர். முதல் சுற்றில் கிளென் யங்கின் பெற்றது மூன்றில் ஒரு பங்கு அளவே. கடைசி இடத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போய், ஆறாம் சுற்றில்தான் அவர் பீட் ஸ்னைடரை வென்றார். அதாவது, கடைசிச் சுற்றின் வாக்குகளில் பாதிக்கு மேல் அவருக்குக் கிடைத்தது. முதனிலைத் தேர்தலில் அந்த உறுதி கிடையாது. 2025 ஜூனில் ஜனநாயகக் கட்சி தன் துணை ஆளுநர் வேட்பாளரைத் தெரிவு செய்தபோது ஆறு பேர் நின்றார்கள். ஹைதராபாத்தில் பிறந்த கசாலா ஹாஷ்மி 27 விழுக்காட்டுச் சொச்சத்தோடு வென்றார், அடுத்த இருவரும் அவருக்கு மிக அருகிலேயே இருந்தார்கள். அவர் தகுதியானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வாக்களித்தவர்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் வேறொருவரை விரும்பினார்கள் என்பதை உங்கள் முறை கண்டுகொள்ளவே இல்லை.

கூழாங்கல் எழுதியது:
நீங்கள் புகழ்வது விருப்ப வரிசை முறையை, மாநாட்டை அன்று. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். மெய்ன் மாநிலத்தில் 2018-இல் ஜனநாயகக் கட்சியினர் ஜேனட் மில்ஸை ஆளுநர் வேட்பாளராகத் தெரிவு செய்தது முதனிலைத் தேர்தலில், விருப்ப வரிசை முறையில்தான். மாநாடு தனியாக என்ன செய்யும் என்பதற்கு வர்ஜீனியாவின் 2013-ஐப் பாருங்கள். கட்சியின் மாநில மையக் குழு முதனிலைத் தேர்தலைக் கைவிட்டு மாநாட்டுக்கு மாறியதும், துணை ஆளுநராக இருந்த பில் போலிங், தீவிரத் தொண்டர்கள் நிறைந்த அந்த அரங்கில் தமக்கு வாய்ப்பில்லை என்று கண்டு போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார். கென் குச்சினெல்லி எதிர்ப்பின்றி வேட்பாளரானார். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் டெர்ரி மெக்காலிஃபிடம் தோற்றார்.

வடவாற்றங்கரை எழுதியது:
இரண்டு முறைகளிலும் கலந்துகொண்டவன் என்ற வகையில் சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மாநாட்டு நாளன்று நான் காரை விட்டு இறங்கவே இல்லை: வரிசையில் ஊர்ந்துபோய், அடையாள அட்டையைக் காட்டி, சன்னல் வழியே நீட்டப்பட்ட தாளை ஸ்டியரிங் மேல் வைத்து எண்ணிட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கு வெகு முன்பே, கட்சியின் வேட்பாளரை ஆதரிப்பதாக ஒரு படிவத்தில் கையொப்பமிட வேண்டியிருந்தது. என் மனைவி அப்போது வெளியூரில் இருந்ததால் அவளால் கலந்துகொள்ள முடியவில்லை. முதனிலைத் தேர்தலிலோ 45 நாள்களுக்கு முன்பிருந்தே வாக்களிக்கலாம். அங்கே அலுவலர் கேட்கும் ஒரே கேள்வி, எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்பதுதான். ஏனென்றால் வர்ஜீனியாவில் வாக்காளர் பதிவில் கட்சி என்ற கட்டமே கிடையாது.

மணிமுத்தாறு எழுதியது:
அந்த ஒரு கேள்வியில்தான் கட்சிக்காரர்களின் அச்சமும் இருக்கிறது. எதிர்க்கட்சி அனுதாபி எந்தச் சீட்டை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம் என்றால், தன் கொள்கையைச் சுமக்கப் போகிறவரைத் தானே தெரிவு செய்யும் உரிமை கட்சிக்கு எங்கே இருக்கிறது? மேலும், முதனிலைத் தேர்தலுக்கான செலவு உள்ளாட்சிகளின் தலையில், அதாவது இரு கட்சிகளையும் விரும்பாதவர் செலுத்தும் வரியின் மேல் விழுகிறது. மாநாட்டுக்குக் கட்சியே செலவழிக்கிறது. விளைவையும் பாருங்கள்: 2021 நவம்பரில், மாநாடு தந்த யங்கின் 50.6 விழுக்காடு பெற்று, முதனிலைத் தேர்தலில் 62 விழுக்காட்டோடு வந்த மெக்காலிஃபைத் தோற்கடித்தார்.

கூழாங்கல் எழுதியது:
ஒருமுறை விழுந்த பனம்பழத்தை வைத்துக் காக்கையின் பலத்தை அளக்க வேண்டாம். அதே முறைதான் 2013-இல் துணை ஆளுநர் பதவிக்கு ஈ. டபிள்யூ. ஜாக்சனையும் தந்தது, அவர் பத்து விழுக்காட்டுக்கு மேற்பட்ட வேறுபாட்டில் தோற்றார். செலவு பற்றிய உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படைப் பணியில் இருப்பவரும், வெளிநாட்டில் தங்கியிருப்பவரும், மாணவரும், மாற்றுத்திறனாளியும், தொற்றுநோய் உள்ளவரும் பங்குபெற முடியாத முறையில் வேட்பாளரைத் தெரிவு செய்வதைத் தடுக்கும் சட்டத்தை மாநிலச் சட்டமன்றம் இயற்றி, அது 2024-இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது.

மணிமுத்தாறு எழுதியது:
சட்டம் வந்தது, அதன்பின் ஆளுநர் பதவிக்கான முதல் தேர்தல் 2025-இல் நடந்தது. இரு கட்சிகளிலும் அந்தப் பதவிக்கு முதனிலைத் தேர்தல் நடக்கவே இல்லை. ஜனநாயகக் கட்சியில் அபிகெயில் ஸ்பான்பெர்கரை எதிர்க்க யாரும் வரவில்லை. குடியரசுக் கட்சியில் வின்சம் சியர்ஸை எதிர்க்க முன்வந்த அமண்டா சேஸும் டேவ் லாராக்கும், ஒவ்வொரு மக்களவைத் தொகுதியிலும் 400 பேருக்குக் குறையாமல் மொத்தம் 10,000 வாக்காளர்களிடம் கையொப்பம் வாங்க வேண்டும் என்ற விதியைத் தாண்ட முடியாமல் வாக்குச்சீட்டில் இடம்பெறவில்லை. இதே அமண்டா சேஸ் 2021 மாநாட்டில் போட்டியிட்டு மூன்றாம் இடத்துக்கு வந்தவர். முப்பதாயிரம் பேர் போதாது என்று தொடங்கினீர்கள், ஐயா. 2025-இல் அந்தத் தெரிவில் எத்தனை பேர் வாக்களித்தார்கள்?

கூழாங்கல் எழுதியது:
ஒருவரும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறை கையொப்ப விதியில் இருக்கிறது. பத்தாயிரத்தை ஐயாயிரமாகக் குறைக்கச் சொல்லுங்கள், நானும் உடன் கையொப்பமிடுகிறேன். மாநாட்டுக்குத் திரும்பச் சொன்னால் மாட்டேன்.