கான்டனீஸ்: 'தாப்', 'ஸிங்தாப்' – எதை எங்கே சொல்வது?

மணிமொழி:
ஹாங்காங் வந்ததிலிருந்து கான்டனீஸ் படித்து வருகிறேன். பஸ், ரயிலில் போவதற்குப் பாடத்தில் சொல்லிக்கொடுத்த வினை 'தாப்'. அறிவிப்புகளிலோ 'ஸிங்தாப்' என்று வருகிறது. 'தோ ஜே ஸிங்தாப்' என்று பயணிகளுக்கு நன்றி சொல்லும்போதும் அதேதான். இரண்டும் ஒன்றா? பெரியவர்களிடம் பேசும்போது ஸிங்தாப் சொன்னால் மரியாதையா?

கௌலூன்வாசி:
பொருள் ஒன்றுதான். ஆனால் இது மரியாதை விஷயம் இல்லை. எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு என்ற வேறுபாடு. நம் வீட்டுப் பாட்டியிடம் "பேருந்தில் பயணித்து வந்தேன்" என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான். அங்கே பாட்டியிடமும் 'ங்கோ தாப் பாஸி லெய்' (நான் பஸ்ஸில் வந்தேன்) என்றே சொல்லுங்கள். அறிவிப்பு, செய்தி, அலுவலகக் கடிதம் என்றால் ஸிங்தாப்.

செல்வி:
இன்னொன்றையும் கவனியுங்கள். ஸிங்தாப் ஈரசைச் சொல். அதனால் பின்னால் வருவதும் ஈரசையாகவோ நீளமாகவோ இருந்தால்தான் காதுக்குப் பொருந்தும்: ஸிங்தாப் பாஸி (பஸ்), ஸிங்தாப் திக்ஸி (டாக்ஸி). வண்டி என்ற பொதுச்சொல் 'ச்செ' ஓரசை, அதற்கு வெறும் தாப் போதும்: 'தாப் ச்செ'. தப்பான வண்டியில் ஏறிவிட்டால் 'தாப் ச்சோ ச்செ'. இந்த மாதிரி அன்றாடத் தொடர்களில் ஸிங் ஒட்டவே ஒட்டாது.

பயணி என்பதற்கான 'ஸிங்ஹாக்' என்ற சொல்லிலும் இதே ஸிங்தான் இருக்கிறது. ரயிலில் அடிக்கடி காதில் விழும், சேர்த்தே நினைவில் வையுங்கள்.

மணிமொழி:
சரி, புரிகிறது. அப்போ லிஃப்டுக்கு? அப்புறம் உச்சரிப்பையும் சொல்லுங்களேன்.

கௌலூன்வாசி:
பேச்சில் 'தாப் லிப்'. அந்த 'லிப்' ஆங்கில லிஃப்டேதான்!

உச்சரிப்புக்கு ஜுட்பிங் (கான்டனீஸை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை) எண்களைப் பாருங்கள். அவை குரலின் ஏற்ற இறக்கத்தை, அதாவது தொனியைக் காட்டுபவை: ஸிங் 4, தாப் 3. ஸிங்கைத் தாழ்வாகத் தொடங்கி இன்னும் இறக்குங்கள். அதையே தொனி 1-இல் உயர்த்திச் சொன்னால் நட்சத்திரம் ஆகிவிடும். தாப் நடுத்தர உயரத்தில் சமமாக நிற்கும். கடைசி 'ப்'பில் உதட்டை மூடி அப்படியே நிறுத்துங்கள், காற்றை வெளியே விட வேண்டாம். நம்மவர்கள் பலர் 'தாப்பு' என்று உகரம் சேர்த்துவிடுகிறார்கள். அதை மட்டும் விட்டால் பாதி வேலை முடிந்தது.