கல்லீரல் சுருக்கம் வந்த பிறகு ஹெபடைட்டிஸ் ஊசி – உங்கள் வீட்டு அனுபவம்?

தென்காசி மகள்:
அப்பாவுக்குச் சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருக்கம். வயிற்றில் நீர் கோத்து இரண்டு முறை எடுத்தாச்சு. கல்லீரல் மாற்று அறுவைக்குப் பதிவு செய்யப் போனபோதுதான் ஹெபடைட்டிஸ் பி ஊசிப் பேச்சே வந்தது. ஆறு மாதத்தில் மூன்றும் போட்டோம். அடுத்த மாதம் ஆன்டிபாடி (ஊசியால் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி) பார்த்தால், குறைந்தது 10 இருக்க வேண்டிய இடத்தில் 4. டாக்டர் அந்த 4-ஐப் பேனாவால் வட்டமிட்டார். அப்பா சட்டைக் கையை இறக்காமல், "இன்னும் போடணுமா சார்?" என்றார். எலும்பும் தோலுமான அந்தக் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நான்கு வருடம் முன்பு, நோய் தெரிந்த அன்றே போட்டிருந்தால் உடம்பு ஏற்றிருக்குமே!

சேலத்துக்காரன்:
மாமாவுக்கு பி போட்டோம், ஹெபடைட்டிஸ் ஏ ஊசியை விட்டுவிட்டோம். ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டு வந்தார், நான்காவது வாரம் கண் மஞ்சள், ஏ கிருமிதான். ஏற்கெனவே பழுதான கல்லீரல், தாங்கவில்லை. ஐசியு வாசலில் அத்தை மூன்று நாள் அதே டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தயவுசெய்து ஏ-யையும் கேளுங்கள்.

கோவை அக்கா:
சேலம் தம்பி, எல்லோருக்கும் ஏ ஊசி தேவைப்படாது. நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும். முதலில் ஐஜிஜி பரிசோதனை (முன்பே வந்து போனதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), அதில் எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. தென்காசித் தங்கச்சி, 4 வந்ததால் ஊசியே வீண் என்று நினைக்காதீர்கள். சிரோசிஸ்காரர்களுக்குச் சாதாரண அளவு பலமுறை போதாது. என் அண்ணனுக்கு இரட்டை அளவு, 40 மைக்ரோகிராம், 0, 1, 2, 6 மாதம் என்று நான்கு தடவை போட்டார்கள். முதல் ஊசியை ஒருவர் இடுப்பில் போட வந்தார், நான் விடவில்லை. பி ஊசியைப் புஜத்தில்தான் போட வேண்டும். கடைசி ஊசி முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி பாருங்கள். பி கிருமியால் வந்த சிரோசிஸ் என்றால் அவருக்கு பி ஊசி பயன்படாது, ஆனால் வீட்டிலுள்ள எல்லோரும் ஹெச்பிஎஸ்ஏஜி (பி கிருமி உடம்பில் இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டு, கிருமி இல்லாதவர்கள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

தென்காசி மகள்:
அக்கா, அப்பாவுக்கு பி இல்லை, கொழுப்புக் கல்லீரலில் தொடங்கியது. இரட்டை அளவில் மறுபடி ஆரம்பித்தாச்சு, நேற்று இரண்டாவது. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 48 ஆயிரம்தான், அதாவது குறைவு. மெல்லிய ஊசியால் போட்டுவிட்டு, நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் பஞ்சை அழுத்திப் பிடித்தார். அப்பா அந்தக் கையை வீடு வரைக்கும் மடக்கியே வைத்திருந்தார்.