மேட்ரிசெல்லுலார் புரதம்: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

மறுசேர்க்கை முறையில் (மரபணுவை வேறு செல்லில் செலுத்தி) ஆக்கிய ஸ்பார்க் (SPARC) என்ற புரதத்தைக் கையாள ஓர் ஆய்வகக் குறிப்பு எழுதி வருகிறேன். மேட்ரிசெல்லுலார் புரதம் என்பதைத் 'தாயக்கலப் புரதம்' என்று போட்டிருக்கிறேன். தாயம் மேட்ரிக்ஸ், அதாவது செல்களைச் சூழ்ந்த பின்னல்; கலம் செல். பொருந்துகிறதா? வரைவை இணைத்துள்ளேன்.

—

வணக்கம்.

தாயம் இருக்கட்டும், இலங்கைப் பாடநூல்களில் ஊன்றிய சொல். இடறுவது 'கல'. யாராவது 'தாயக்கலப்புரதம்' என்று சேர்த்து அச்சிட்டால் கண்ணில் முதலில் படுவது 'கலப்பு'. ஏதோ கலவைப் புரதம் என்றே மாணவர் நினைப்பார். சரியாகப் பிரித்துப் படித்தாலும் தாயத்திலுள்ள செல்லின் புரதம் என்றுதான் பொருள் வரும்.

1995இல் பால் பார்ன்ஸ்டைன் இந்தப் பெயரை முன்வைத்தது வேறொன்றைச் சொல்ல. தாயத்தின் நார்ப்புரதமான கொலாஜன் திசுவைத் தாங்கி நிற்கிறது. த்ராம்போஸ்பாண்டின்-1, டெனாசின்-சி, ஸ்பார்க் போன்றவை தாயத்தில் இருந்தாலும் அந்த வேலையைச் செய்வதில்லை. தாயத்தையும் செல்லின் ஏற்பிகளையும் வளர்ச்சிக் காரணிகளையும் பற்றி, செல்லின் நடத்தையை மாற்றுகின்றன. ஆகவே 'கட்டு', 'தாங்கு' என்ற வேர்கள் வேண்டாம். 'இணைப்பு' அதைவிடத் தவறு: பரந்து ஒட்டியிருக்கும் செல்லை ஸ்பார்க் உருண்டையாக்கிப் பிடியைத் தளர்த்திவிடும். பற்றுவதும் தளர்த்துவதும் அடங்க 'இடையாட்டம்' என்போம். என் பரிந்துரை: தாய இடையாட்டுப் புரதம்.

வரைவில் சில திருத்தங்கள். 'எலி' என்று மட்டும் எழுதினால் பெரிய எலியா சுண்டெலியா என்று தெரியாது. புரதத்தைக் கண்டறியும் எதிர்ப்பொருளின் தேர்வே பிசகும். 'சுண்டெலி' என்றே எழுதுங்கள். எந்தச் செல்லில் ஆக்கியது என்பதும் வேண்டும். பாக்டீரியாவில் ஆக்கியதில் சர்க்கரைச் சங்கிலி இருக்காது. அமினோ அமிலக் கணக்கில் சுமார் 33 கிலோடால்டன் எடை வரும் இப்புரதம், புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 43 கிலோடால்டன் அருகே நிற்கும். அமிலத்தன்மை மிகுந்த பகுதியும் சர்க்கரையும் ஓட்டத்தை மாற்றுவதால் அப்படி. தவறான புரதம் என்று குப்பியை ஒதுக்கிவிடக் கூடாது.

கரைக்கும் பத்தியில் 'குலுக்கவும்' என்பதை எடுத்துவிடுங்கள், நுரைத்தால் புரதம் கெடும். உலர்தூள் கண்ணுக்குத் தெரியாத படலமாக மூடியில் ஒட்டியிருக்கும் என்பதால், திறக்கும் முன் குப்பியைச் சென்ட்ரிஃபியூஜில் சிறிது சுழற்ற வேண்டும். 50 மைக்ரோகிராமுக்குக் கிருமிநீக்கிய பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) அரை மி.லி. விட்டால் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் கிடைக்கும். ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் சேரவே கூடாது. புரதத்தின் சி-முனைப் பகுதி (சங்கிலியின் இறுதிப் பக்கம்) கால்சியத்தைப் பற்றித்தான் வடிவம் கொள்கிறது, ஈடிடிஏ அதைப் பறித்துவிடும். கூடுதலாகக் கால்சியம் தேவைப்பட்டால் பாஸ்பேட் இல்லாத ட்ரிஸ் கரைசலுக்கு மாறுங்கள். பிபிஎஸ்ஸில் விட்டால் கால்சியம் பாஸ்பேட் வீழ்படிந்து கலங்கும், புரதம் திரண்டதென்று ஏமாறுவோம். கரைத்ததைச் சிறு பங்குகளாக்கி உறைய வையுங்கள். ஒரே குழாயை மீண்டும் மீண்டும் உருக்கி உறையவைத்தால் வீரியம் போய்விடும்.

உடன் வரும் பிஎஸ்ஏவுக்குத் (மாட்டு அல்புமின் புரதத்துக்கு) 'தாங்கிப் புரதம்' என்று போட்டிருக்கிறீர்கள். அது எதையும் தாங்குவதில்லை; குழாய்ச் சுவரில் ஸ்பார்க் ஒட்டி வீணாகாமல் காக்கிறது. 'காப்புப் புரதம்' எனலாம். அது கலந்த குப்பியை, மொத்தப் புரதத்தைச் சாயத்தால் அளக்கும் பிராட்ஃபோர்டு முறையில் அளந்தால் வரும் எண் பெரும்பாலும் பிஎஸ்ஏவினுடையது.

—

நன்றி. காப்புப் புரதம் உடனே ஏற்கிறேன். ஒரு தயக்கம்: இரு புரதங்கள் ஒன்றையொன்று பற்றுவதையும் இடையாட்டம் என்கிறோமே, குழம்பாதா?

—

'தாய' என்ற அடை முன்னால் நிற்கும்வரை குழம்பாது. அதைத் தனியே பிரித்து எழுதுவது கட்டாயம். சேர்த்தால் 'தாயவிடையாட்டு' ஆகி 'விடை' புகுந்துவிடும். குப்பியின் சிட்டையில் இப்படி இருக்கட்டும்: ஸ்பார்க், சுண்டெலி, மறுசேர்க்கை, தாய இடையாட்டுப் புரதம், காப்புப் புரதம் இன்றி.