புதுப்பிப்பு: ஒயரை இணைத்ததும் மோட்டார் ஏன் இறுகுகிறது?

போன வாரம் கேட்டிருந்தேன்: நிலைக்காந்த டிசி மோட்டாரின் தண்டைக் கையால் சுற்றினால் எளிதாகச் சுற்றுகிறது, இரண்டு ஒயரையும் சேர்த்துவிட்டால் கனக்கிறதே, ஏன் என்று. காந்தத்தின் சக்தி செலவாகிறது என்று நானே ஒரு ஊகமும் எழுதியிருந்தேன். அது தவறு.

காந்தம் ஆற்றல் தருவதில்லை, புலத்தை மட்டும் தருகிறது. உழைப்பு முழுக்க நம் கையுடையது. ஒயர்கள் சேர்ந்ததும் சுருளில் மின்னோட்டம் பாய்கிறது. அது சுழற்சியை எதிர்த்துத் தள்ளுகிறது. லென்ஸ் என்ற இயற்பியலாளர் 1834-இல் சொன்ன விதி இதுதான். ஒயர் திறந்திருக்கும்போது விரலில் படும் 'டக் டக்' வேறு விஷயம்: இரும்பு உள்ளகத்தின் பற்களைக் காந்தம் இழுப்பது.

பிறகு ட்ரில் மெஷினில் பூட்டி நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓட்டினேன். சுமையில்லாமல் 11.8 வோல்ட். 10 ஓம் மின்தடை வைத்ததும், அதே வேகத்தில், 10.7. அதாவது 1.07 ஆம்பியர் பாய்கிறது, மீதி 1.1 வோல்ட் உள்ளேயே விழுகிறது. சுருளின் தடை ஏறக்குறைய 1 ஓம்.

என்னை அசத்தியது இதற்கடுத்த கணக்கு. 1500 சுற்று என்றால் நொடிக்கு 157 ரேடியன் (கோணத்தை அளக்கும் அலகு). 11.8-ஐ 157-ஆல் வகுத்தால் 0.075: ஜெனரேட்டராகச் சுற்றும்போது, நொடிக்கு ஒரு ரேடியன் வேகத்துக்கு இது தரும் வோல்ட். அதே எண்தான் ஒரு ஆம்பியருக்கு இந்த மோட்டார் தரும் முறுக்குவிசையும், நியூட்டன் மீட்டரில்! மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒன்றே என்பதை இந்த ஒற்றை எண்ணில்தான் உண்மையாகப் புரிந்துகொண்டேன்.

அடுத்து, சுருள் சூடானபின் அந்த 1 ஓம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கப் போகிறேன்.