உதவி: லைன் போனதும் பேக்கப் மெயில் சர்வர் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டது (கோத்தகிரி)

கோத்தகிரி_கொழுந்து | காலை 6:48
வணக்கம். அவசரம். மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்து கேபிள் அறுந்துவிட்டது. தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் இருக்கும் எங்கள் மெயில் சர்வருக்கு முப்பது மணி நேரம் வெளித்தொடர்பே இல்லை. இந்த மாதிரி நாளுக்காகத்தான் போன மாதம் வெளியூரில் ஒரு வாடகை சர்வர் எடுத்து பேக்கப் வைத்தேன். லைன் நேற்று ராத்திரி வந்துவிட்டது. ஆனால் பேக்கப்பிலிருந்து ஒரு மெயில்கூட வந்து சேரவில்லை. குன்னூர் ஏலத்துக்காக புரோக்கர் அனுப்பியதெல்லாம் அவருக்கே திரும்பிப் போயிருக்கிறது. எல்லாம் சரியாகத்தான் செட் செய்திருக்கிறேன், டெஸ்ட் செய்தபோதும் வேலை செய்தது. நாளை மறுநாள் ஏலம். யாராவது உதவுங்கள்.

கூடலூர்_சாரல் | காலை 7:05
சகோ, பதறாதீர்கள். மூன்று விஷயம் சொல்லுங்கள். பேக்கப்பில் ஓடுவது எந்த மென்பொருள்? உங்கள் டொமைனுக்கு எம்எக்ஸ் (மெயிலை எந்த சர்வரிடம் கொடுப்பது என்று வெளியே சொல்லும் பதிவு) எப்படி வைத்திருக்கிறீர்கள்? புரோக்கருக்குத் திரும்பிப் போன மெயிலில் என்ன பிழை எழுதியிருக்கிறது? மூன்றாவதுதான் முக்கியம். அவரிடம் வாங்கி அப்படியே எழுத்து மாறாமல் போடுங்கள்.

டிஎன்எஸ்_பித்தன் | காலை 7:11
எம்எக்ஸ் எண்ணை மாற்றிப் போட்டிருப்பீர்கள். நான் பார்த்த பத்து கேஸில் எட்டு இதுதான். எண் சின்னதாக இருப்பதுதான் மெயின், பெரியது பேக்கப். பலர் 20 என்றால் பெரிய ஆள் என்று நினைத்து மெயினுக்கு அதைக் கொடுத்துவிடுகிறார்கள்.

பழைய_தபால் | காலை 7:30
தம்பி, இதைத் தொடுவதற்கு முன்னால் மெயில் பரிமாற்ற விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 5321 ஆவணத்தைப் படித்திருக்க வேண்டும். 2008-லிருந்து அங்கேயே இருக்கிறது. மெயில் போய்ச் சேரவில்லை என்றால் அனுப்புகிறவரின் சர்வரே அதை கியூவில் (காத்திருப்பு வரிசையில்) வைத்துக்கொண்டு குறைந்தது நான்கைந்து நாள் திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. நீங்கள் பேக்கப்பே வைக்காமல் இருந்திருந்தால் லைன் வந்ததும் எல்லாம் தானாக வந்திருக்கும். இருபது வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கோத்தகிரி_கொழுந்து | காலை 8:02
மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ் சார். எம்எக்ஸ் மெயினுக்கு 10, பேக்கப்புக்கு 20. மாற்றிப் போடவில்லை. லாக் பார்த்தேன், நிறைய இருக்கிறது, எதைப் போடுவது என்று தெரியவில்லை.

ஃபயர்வால்_பாண்டி | காலை 8:09
வாடகை சர்வர் கொடுப்பவர்கள் பலர் வெளியே போகும் 25-ஆம் போர்ட்டை (சர்வருக்குச் சர்வர் மெயில் போகும் வாசல்) மூடி வைத்திருப்பார்கள். உள்ளே வரும் மெயில் வரும், வெளியே போகாது. டிக்கெட் போட்டுக் கேட்டால்தான் திறப்பார்கள். கண்டிப்பாக இதுதான் காரணம்.

கூடலூர்_சாரல் | காலை 8:20
பாண்டி அண்ணா, 25 மூடியிருந்தால் மெயில் கியூவில் தேங்கி நிற்கும், அடுத்த நாளே திரும்பிப் போகாது. போஸ்ட்ஃபிக்ஸ் மாற்றாத நிலையில் ஐந்து நாள் வைத்திருக்கும். இங்கே உடனே திரும்பியிருக்கிறது. அப்படியென்றால் கியூவுக்குள்ளேயே போகவில்லை. கொழுந்து, அந்தப் பிழை வரி இன்னும் வரவில்லையே.

கோத்தகிரி_கொழுந்து | காலை 9:40
புரோக்கர் ஆபீஸ் இப்போதுதான் திறந்தது. வாட்ஸப்பில் அனுப்பினார்கள்: "550 5.1.1 ரெசிபியன்ட் அட்ரஸ் ரிஜெக்டட்: யூசர் அன்னோன் இன் லோக்கல் ரெசிபியன்ட் டேபிள்". அனுப்பியது சேல்ஸ் முகவரிக்கு. அந்த முகவரி எங்கள் மெயின் சர்வரில் நிச்சயமாக இருக்கிறது.

கூடலூர்_சாரல் | காலை 9:58
கிடைத்துவிட்டது. அந்த வரியில் 'லோக்கல்' என்று இருக்கிறது பாருங்கள். உங்கள் பேக்கப், இந்த டொமைன் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. பேக்கப்பில் போஸ்ட்ஃபிக்ஸின் செட்டிங் ஃபைலான மெயின்.சிஎஃப்-இல் மைடெஸ்டினேஷன் வரியில் உங்கள் டொமைன் பெயரைப் போட்டிருப்பீர்கள். அங்கே போட்டால், "இங்கேதான் டெலிவரி செய்ய வேண்டும்" என்று அர்த்தம். சேல்ஸ் என்று ஒரு யூசர் அந்த வாடகை சர்வரில் இல்லை, அதனால் 550 சொல்லிவிட்டது. 5-இல் தொடங்கும் எண் நிரந்தர மறுப்பு. அதைக் கேட்டதும் அனுப்பிய சர்வர் மறுபடி முயலாது, உடனே திருப்பி அனுப்பிவிடும்.

டெஸ்ட் செய்தபோது எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள்? உங்கள் சொந்த முகவரிக்கா?

கோத்தகிரி_கொழுந்து | காலை 10:06
ஆமாம். என் பெயருக்குத்தான். போய்ச் சேர்ந்தது என்று லாகில் வந்தது.

கூடலூர்_சாரல் | காலை 10:31
உங்கள் பெயரில் அந்த வாடகை சர்வரில் லாகின் இருக்கிறது அல்லவா? அதனால் உங்களுக்கு வந்ததை மட்டும் அது வாங்கி அங்கேயே வைத்துவிட்டது. மெயினுக்கு அனுப்பவே இல்லை. வார்/மெயில் ஃபோல்டரில் உங்கள் பெயர் ஃபைலைத் திறந்து பாருங்கள், இந்த முப்பது மணி நேரத்தில் உங்களுக்கு வந்ததெல்லாம் அங்கே கிடக்கும். அதை அழித்துவிடாதீர்கள்.

சரி, இப்போது திருத்துவோம். எல்லாம் பேக்கப் சர்வரில் மட்டும். மைடெஸ்டினேஷனிலிருந்து டொமைனை எடுத்துவிடுங்கள். ரிலே_டொமைன்ஸ் வரியில் (வாங்கி வேறு சர்வருக்குக் கைமாற்ற வேண்டிய டொமைன்கள்) அதைச் சேர்த்துவிடுங்கள். இரண்டிலும் ஒரே சமயம் இருக்கக்கூடாது. அடுத்து டிரான்ஸ்போர்ட் மேப் ஃபைலில் ஒரு வரி: உங்கள் டொமைனுக்கு வருவதை மெயின் சர்வருக்கு அனுப்பு என்று. மெயின் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். அடைப்புக்குறி இருந்தால் எம்எக்ஸ் தேடாமல் நேராக அந்த இடத்துக்கே போகும், தன்னிடமே திரும்பி வரும் சுழலும் வராது. அந்த ஃபைலை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்ற போஸ்ட்மேப் ஓட்டுங்கள், பிறகு போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட்.

அதற்குப்பிறகு மெயின் சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு, வெளியிலிருந்து சேல்ஸ் முகவரிக்கு ஒன்று அனுப்புங்கள். பேக்கப்பில் 'போஸ்ட்க்யூ -பி' கொடுத்தால் அந்த மெயில் கியூவில் தெரிய வேண்டும். மெயினைத் திறந்துவிட்டு 'போஸ்ட்க்யூ -எஃப்' கொடுங்கள். உடனே தள்ளிவிடும். கொடுக்காவிட்டாலும் போகும், ஆனால் தோற்கத் தோற்க இடைவெளி கூடிக்கொண்டே போய் 4000 வினாடி வரை, அதாவது ஒரு மணி நேரத்துக்கு மேல்கூடக் காத்திருக்கும்.

ஏற்கெனவே திரும்பிப் போனவை போனவைதான், உங்கள் பக்கம் எங்கும் இல்லை. புரோக்கரிடம் கேட்டு மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். ஏலம் நெருங்குவதால் இதை முதலில் செய்யுங்கள், சர்வரை அப்புறம் பார்க்கலாம்.

பழைய_தபால் | காலை 10:50
சாரல் சொன்னது சரி, ஆனால் அரைகுறை. இப்படியே விட்டால் பேக்கப் எந்த முகவரிக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் மெயின் நன்றாக ஓடும்போதே பெரிய எண் உள்ள எம்எக்ஸைத் தேடித்தான் வருவார்கள், அங்கே காவல் குறைவு என்று தெரியும். இல்லாத முகவரிக்கு வந்ததை வாங்கிவிட்டு, மெயின் மறுத்த பிறகு பேக்கப் அதைத் திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்பும் முகவரியோ பெரும்பாலும் போலி. சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெட்டியில் போய் விழும். அப்புறம் உங்கள் ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறும். ரிலே_ரெசிபியன்ட்_மேப்ஸ் என்று ஒன்று இருக்கிறது. மெயினில் உள்ள முகவரிகளை மட்டும் அதில் எழுதி வையுங்கள். இதைச் சொல்லாமல் பேக்கப் வைக்கச் சொல்வது பொறுப்பில்லாத வேலை.

கூடலூர்_சாரல் | காலை 11:02
நான் விட்டுவிட்டேன், உண்மை. கட்டாயம் செய்யுங்கள் கொழுந்து. முகவரி எத்தனை இருக்கும்?

கோத்தகிரி_கொழுந்து | காலை 11:04
ஒன்பது.

டிஎன்எஸ்_பித்தன் | காலை 11:15
எஸ்பிஎஃப்-ஐ (ஒரு டொமைன் பெயரில் எந்த ஐபிகள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) மறந்துவிட்டீர்கள். பேக்கப் மெயினுக்குத் தள்ளும்போது மெயின் பார்ப்பது பேக்கப்பின் ஐபியை. புரோக்கரின் டொமைனில் அந்த ஐபிக்கு அனுமதி இருக்காது. மெயின் எஸ்பிஎஃப் பார்த்து மறுப்பதாக வைத்திருந்தால் கியூவில் காத்திருந்த நல்ல மெயிலும் வாசலிலேயே போய்விடும். மெயினில் பேக்கப்பின் ஐபிக்கு மட்டும் அந்தச் சோதனையிலிருந்து விலக்கு கொடுங்கள். கிரேலிஸ்ட் (புதிதாக வருபவரை முதலில் தற்காலிகமாக மறுத்து மறுபடி வரச் சொல்வது) இருந்தால் அதிலிருந்தும்.

பழைய_தபால் | காலை 11:26
பாருங்கள், ஒன்பது முகவரிக்கு எத்தனை ஒட்டு! பேக்கப்பே வேண்டாம் என்று நான் முதலில் சொன்னதற்கு இதுதான் காரணம்.

கூடலூர்_சாரல் | காலை 11:48
ஐயா, சமவெளியில் இருப்பவர்களுக்கு நீங்கள் சொல்வது முழுக்கப் பொருந்தும். மலையில் கணக்கு வேறு. எங்கள் பக்கம் ஆடி மழை, கோத்தகிரி பக்கம் ஐப்பசி மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2009 நவம்பர் மண்சரிவு குன்னூர், கோத்தகிரி, ஊட்டிக்காரர்கள் யாருக்கும் மறக்காது. நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படி ஒரு வாரத்தில் நான்கைந்து நாள் போதாது. எல்லோருடைய சர்வரும் ஆர்எஃப்சி சொன்னபடி காத்திருப்பதும் இல்லை. சிலது ஒரே நாளில் கைவிட்டுவிடும். நம் பேக்கப்பில் மேக்சிமல்_கியூ_லைஃப்டைம் அளவை 10 நாளாக வைத்தால் எத்தனை நாள் காத்திருப்பது என்பது நம் கையில் இருக்கும். வழி திறந்ததும் ஒரே கட்டளையில் எல்லாம் வந்துவிடும்.

பழைய_தபால் | நண்பகல் 12:03
அப்படியென்றால் சர்வரை மலையில் வைத்திருப்பதே தவறு. கீழே வையுங்கள்.

உதகை_உறைபனி | நண்பகல் 12:20
கேபிளை விட கரண்ட்தான் பெரிய பிரச்சினை. பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது கொழுந்து? குளிரில் லெட் ஆசிட் பேட்டரி தன் அளவைக் கொடுக்காது. 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் கடைக்காரர் சொன்ன நேரத்தை நம்பி இங்கே வாங்கக்கூடாது.

ஃபயர்வால்_பாண்டி | நண்பகல் 12:31
குளிரில் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். வெயிலில்தான் சீக்கிரம் சாகும். எங்கள் ஊரில் இரண்டரை வருடம் வந்தாலே பெரிது.

உதகை_உறைபனி | நண்பகல் 12:40
ஆயுள் வேறு, ஒரு தடவை கொடுக்கும் நேரம் வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள். எங்களுக்குக் கரண்ட் போவது மார்கழி உறைபனியிலும் மழையிலும்தான். அந்த நேரத்தில் அது எவ்வளவு தாங்கும் என்பதுதான் கேள்வி.

ஃபயர்வால்_பாண்டி | நண்பகல் 12:44
ரூமுக்குள் வைத்தால் அவ்வளவு குளிர் ஏது? சர்வர் சூடே போதும்.

உதகை_உறைபனி | நண்பகல் 12:52
எங்கள் ஆபீஸுக்கு ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலை வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கொடைக்கானல்_குறிஞ்சி | மதியம் 2:15
பேட்டரி பேச்சுக்கு நடுவில் ஒன்று. எங்கள் பக்கமும் வத்தலகுண்டு மலைச்சாலையில் மரம் விழுந்தால் இதே கதைதான். கேபிள் போனதும் எங்கள் ரவுட்டர் 4ஜிக்கு மாறிவிடும். வெளியே போக முடியும், ஆனால் 4ஜியில் நமக்கென்று தனி ஐபி இல்லாததால் வெளியிலிருந்து யாரும் நம் சர்வரைத் தொட முடியாது. அதனால் பேக்கப்பும் தள்ள முடியாமல் நின்றது.

நான் செய்தது: மலை சர்வரிலிருந்து வாடகை சர்வருக்கு ஒரு வயர்கார்டு சுரங்கம் (இரண்டுக்கும் இடையே தனி விபிஎன் வழி). இங்கிருந்து அங்கே போய்த் தொடும் என்பதால் 4ஜியிலும் நிற்கும். பெர்சிஸ்டன்ட் கீப்பலைவ் 25 வினாடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும் நேரத்தில் வழி மூடிவிடும். சாரல் சொன்ன டிரான்ஸ்போர்ட் வரியில் மெயின் சர்வரின் பெயருக்குப் பதிலாகச் சுரங்கத்துக்குள் இருக்கும் ஐபியைக் கொடுத்தேன். இப்போது கேபிள் அறுந்தாலும் மெயில் முதலில் பேக்கப்புக்குப் போய், அங்கிருந்து சுரங்கம் வழியாக மேலே வந்துவிடுகிறது. டவருக்குக் கரண்ட் இருக்கும் வரை கியூவில் தேங்குவதே இல்லை. வாடகை சர்வரில் வெளியே போகும் 25 மூடியிருந்தாலும் பாதிக்காது, சுரங்கத்துக்கு அது வேண்டியதில்லை.

கூடலூர்_சாரல் | மதியம் 2:28
அருமை. இதை நான் யோசிக்கவே இல்லை. இந்த வாரமே செய்கிறேன். எஸ்பிஎஃப் விலக்கைச் சுரங்க ஐபிக்குக் கொடுத்தால் போதும் அல்லவா?

கொடைக்கானல்_குறிஞ்சி | மதியம் 2:33
ஆமாம். ஆனால் மெயினில் மைநெட்வொர்க்ஸில் (முழுதாக நம்பும் ஐபிகளின் பட்டியல்) போட்டுவிடாதீர்கள். அப்படிச் செய்தால் யாராவது பேக்கப்புக்குள் புகுந்தால் உங்கள் மெயின் வழியாக எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். எஸ்பிஎஃப் சோதனைக்கு மட்டும் விலக்கு.

பழைய_தபால் | மதியம் 3:10
சுரங்கம் நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். முகவரிப் பட்டியலை மறக்க வேண்டாம். புதிதாக யாருக்காவது முகவரி கொடுத்தால் இரண்டு இடத்திலும் சேர்க்க வேண்டும். பேக்கப்பில் சேர்க்க மறந்தால் லைன் போகும் நாளில் அவருக்கு மட்டும் மறுபடி 550 போகும்.

ஃபயர்வால்_பாண்டி | மாலை 5:45
கொழுந்து, என்ன ஆச்சு?

கோத்தகிரி_கொழுந்து | மறுநாள் இரவு 9:17
புரோக்கர் எல்லாவற்றையும் மறுபடி அனுப்பினார், ஏலத்துக்குச் சரக்கு போய்விட்டது. மைடெஸ்டினேஷனில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். மெயினை நிறுத்தி டெஸ்ட் செய்தேன், கியூவில் நின்றது, 'போஸ்ட்க்யூ -எஃப்' கொடுத்ததும் வந்துவிட்டது. என் பெயர் ஃபைலில் பதினாறு நல்ல மெயிலும் ஒரு மாதத்து ஸ்பேமும் இருந்தது. ஒன்பது முகவரியும் எழுதிவிட்டேன். சுரங்கம் ஞாயிற்றுக்கிழமை. எல்லோருக்கும் நன்றி. மறுபடி மழை பிடித்திருக்கிறது, கரண்ட் இருக்கும்போதே இதை அனுப்பிவிடுகிறேன்.

பந்தலூர்_புதியவன் | மறுநாள் இரவு 11:40
இதே பிரச்சினை எனக்கும். ஆனால் மென்பொருள் எக்ஸிம். எங்கே மாற்றுவது?

கூடலூர்_சாரல் | அடுத்த நாள் காலை 6:30
தனி இழை போடுங்கள் சகோ. எம்எக்ஸ் எண்கள், பிழை வரி இரண்டையும் முதலிலேயே போட்டுவிடுங்கள்.