அம்மாவை ஓவியக் குழுவுக்கு அனுப்பலாமா?

ஷார்ஜா பாம்பன்காரன்:
ஊர் பாம்பன். வேலைக்காக ஷார்ஜாவில் இருக்கிறேன். அப்பா தவறி 11 மாதம் ஆகிறது. அம்மாவுக்கு 57 வயது. தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்க முழுகிக்கொண்டிருந்தவர், இப்போது வாசலைத் தாண்டுவதில்லை. போன் போட்டால் "சாப்பிட்டேன்ப்பா" என்பதோடு சரி. ராத்திரி 3 மணிக்கே விழித்து உட்கார்ந்துகொள்கிறாராம்.

எங்கள் தெரு பால்வாடிக் கட்டடத்தில் ஞாயிறு மதியம் பெண்கள் சிலர் கூடிப் படம் வரைகிறார்கள். பக்கத்து வீட்டு அத்தை கூப்பிட்டதற்கு, "எனக்குப் பேனா பிடிக்கவே வராது, நான் போய் என்னத்தக் கிறுக்க?" என்றுவிட்டார். சித்தப்பாவோ, "ஏர்வாடி தர்காவில் ஒரு மாதம் கொண்டுபோய் வைத்தால் சரியாகிவிடும்" என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து அம்மா இன்னும் ஒடுங்கிவிட்டார். வரைவதால் மனசுக்கு உண்மையிலேயே ஏதாவது ஆகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம் அக்கா:
தம்பி, முதலில் சித்தப்பா விஷயம். தர்காவில் போய் துஆ கேட்டுவிட்டு வருவது வேறு, ஆளை அங்கே விட்டுவிட்டு வருவது வேறு. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை, ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அதை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

இனி என் கதை. வீட்டுக்காரர் மீன்பிடிக்கப் போன படகு இலங்கைப் பக்கம் பிடிபட்டு, அவர் திரும்பி வர ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் நான் மனுப் போட, ஆளைப் பார்க்க என்று அலைந்தேன், ஒன்றும் ஆகவில்லை. அவர் வந்த பிறகுதான் படபடப்பு ஆரம்பித்தது. அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்தாலே எனக்குக் கை நடுங்கும்.

எங்கள் ஓவியக் குழு ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்கியது. ஏப்ரல் 15லிருந்து 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில்தானே, அப்போதுதான் மராமத்து, பெயிண்ட் எல்லாம். டப்பாவில் மிஞ்சிய பெயிண்டும் உடைந்த பிளைவுட் துண்டும்தான் எங்கள் முதல் சரக்கு. வழிகாட்ட ஓய்வுபெற்ற டிராயிங் டீச்சர் ஒருவர். முதல் நாள் நான் பலகை முழுக்க நீலம் அடித்தேன். இரண்டு மணி நேரம் வெறும் நீலம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. டீச்சர் மட்டும் வந்து, "ஓரம் விட்டுப்போச்சு" என்றார். அன்று ராத்திரி படுத்தபோது அந்த ஓரம்தான் கண்ணில் நின்றது. பல மாதத்தில் படகு நினைப்பு இல்லாமல் நான் படுத்த முதல் ராத்திரி அது. (படகு பெயிண்ட் நெடிக்குத் தலைவலி வந்து, அப்புறம் போஸ்டர் கலருக்கு மாறினோம். பெயிண்ட் என்றால் பூவரசு அடியில் வைத்துத்தான் இப்போது.)

முகத்தைப் பார்த்து "எப்படி இருக்க?" என்று கேட்டால், "நல்லா இருக்கேன்" என்றுதானே வாயில் வரும். எல்லோரும் குனிந்து அவரவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேச்சு தானாக வருகிறது. ஒருநாள் ஒரு பாட்டி சிவப்பைக் குழைத்துக்கொண்டே, நிமிராமல், "எம் மவன் கடைசியா போன அன்னிக்குச் சண்டை போட்டுச் சாப்பிடாமப் போனான்" என்றார். மகன் போய்ப் பல வருடம் ஆகிறது. தெருவில் யாருக்கும் அது தெரியாது. யாரும் ஆறுதல் சொல்லவில்லை. பக்கத்திலிருந்தவள் தன் பிரஷைக் கழுவி அவரிடம் நீட்டினாள்.

ஒன்றே ஒன்று, படத்துக்கு அர்த்தம் சொல்பவர்களை உள்ளே விடக் கூடாது. ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த பெண், "கறுப்பு நிறைய இருக்கே, மனசுல பாரமா?" என்று ஒரு அத்தையைக் கேட்டுவிட்டாள். அத்தை இரண்டு வாரம் வரவில்லை. அன்றைக்குக் கறுப்பு டப்பாதான் மிச்சம் இருந்தது, அதுதான் விஷயம்!

வரையத் தெரியாது என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்துக்கு ஒருநாள் பஸ் ஏறிப் போனோம். சேதுபதிகள் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், சண்டையும் ராமாயணமுமாகச் சுவரெல்லாம் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒரு அக்கா அண்ணாந்து பார்த்துவிட்டு, "அரண்மனையிலயே மூக்கைக் கோணலாத்தான் போட்டிருக்கான்" என்றார். அன்றிலிருந்து எங்களில் யாருக்கும் கோணல் பயம் இல்லை.

மறைக்காமல் சொல்கிறேன், நான் எட்டு மாதம் மாத்திரையும் சாப்பிட்டேன். விடிகாலை விழிப்பு, பசியில்லாமை, பேச்சு குறைவது எல்லாம் இவ்வளவு நாள் நீடித்தால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். அம்மாவை "வரைய" அனுப்பாதீர்கள். டீ போட ஆள் இல்லை என்று அத்தையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

மண்டபம் கேம்ப்:
எல்லாம் சரி அக்கா. வாங்கின கடன் படம் வரைந்தால் தீருமா? இங்கே பாதிப் பேருக்குத் தூக்கம் போவதே அதனால்தான்.

தங்கச்சிமடம் அக்கா:
தீராதுதான் அண்ணே. என் நகையும் இன்னும் அடகில்தான் இருக்கிறது. முன்பு மகளிர் குழுக் கடனுக்கு வட்டி கட்டப் பிள்ளையை அனுப்புவேன். இப்போது நானே போய்க் கட்டிவிட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டும் வருகிறேன்.

ராம்நாடு நர்ஸ்:
அக்கா சொன்னதற்கு ஆய்வும் இருக்கிறது. 2016ல் அமெரிக்காவில் 39 பேரை 45 நிமிடம் வரையவும் களிமண் பிசையவும் விட்டு, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைப் பார்த்தார்கள். உடம்பு பதற்றத்தில் இருக்கும்போது கூடும் ஹார்மோன் அது. முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. முன்பே வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் இல்லை. ஆனால் சிறிய ஆய்வு, ஒப்பிட வேறு குழுவும் வைக்கவில்லை. 2019ல் உலக சுகாதார நிறுவனம் 3,000க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது; கலை மனநலத்துக்குத் துணை செய்கிறது என்பதுதான் அதிலும் வந்தது. துணைதான், மருந்துக்குப் பதில் இல்லை.

ஷார்ஜா தம்பி, 14416க்கு அம்மாவையோ அத்தையையோ பேசச் சொல்லுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். "சாகணும் போல இருக்கு" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள்.

ஷார்ஜா பாம்பன்காரன்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். டீ தந்திரம் பலித்தது அக்கா. முதல் ஞாயிறு டீ போட்டுக் கொடுத்துவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாராம். இரண்டாவது ஞாயிறும் அப்படியே. டாக்டரிடமும் போய் வந்தாயிற்று, மாத்திரை கொடுத்திருக்கிறார். 3 மணி விழிப்பு இன்னும் போகவில்லை.

நேற்று அத்தை கடலடியை வரைந்து, கட்டக்கோரைப் பாசியைப் பச்சையாக அடித்திருக்கிறார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னைக்காவது முழுகிப் பாத்திருக்கியா? அது பழுப்புல்ல!" என்று பிரஷைப் பிடுங்கியிருக்கிறார். போனில் இதைச் சொல்லும்போதும் அந்தக் கோபம் தீரவில்லை. மரிக்கொழுந்துப் பாசி எப்படி இருக்கும், கஞ்சிப்பாசி எப்படி இருக்கும் என்று எனக்கு இருபது நிமிடம் விளக்கிவிட்டு, பழுப்பு டப்பா ஒன்று வாங்கப் பணம் அனுப்பச் சொன்னார்.